தறிக்குப் பதில் கட்டில்

குமாரபாளையம் கடைவீதியில் ஒரு மாடியறை. கணினித் திரையில் அகல்யாவின் புது வீடு மின்னுகிறது. தறிக்கூடம் என்று எழுதிய அறையில், ரோஸ் நிற மெத்தையும் தலையணையுமாக நான்கு இரட்டைக் கட்டில்கள் சுவரை ஒட்டிக் கிடக்கின்றன. பதினைந்து வருடமாக விசைத்தறி ஓட்டும் அகல்யாவின் முகம் சிவக்கிறது. "ஏனுங்க, இதென்ன லாட்ஜா?" வரைபடம் போடும் குமரகுரு சிரிக்கிறான். "இந்த சாப்ட்வேர்ல தறி இல்லீங்கக்கா. கட்டிலைத் தறி அளவுக்கு இழுத்து வெச்சிருக்கறேன். தறின்னு நெனச்சுக்கங்க." "தறி இல்லாத சாப்ட்வேர்ல பியானோ இருக்குதா?" "மூணு கலர்ல இருக்குதுங்க." "எங்கூட்ல யாரு பியானோ வாசிக்கறது? கட்டிலைச் செவுத்தோட ஒட்டிப் போட்டாத் தூக்கம் வரும். தறியப் போட்டா, பின்னாடி அறுந்த இழையை யாரு போய் முடியறது, பல்லியா? நாளைக்குக் காலைல கொத்தனார் இந்த அளவுலதான் கயிறு புடிக்கறாரு!" "எடம் பத்தலீன்னா சாப்ட்வேரே செவப்புல காட்டிருமுங்க." "அது என்னைக்குத் தறி ஓட்டுச்சு?"

அகல்யா எழுந்து, கணினி மேசையை இரண்டு கைகளாலும் சுவரை நோக்கித் தள்ளுகிறாள். நான்கு விரல் இடுக்குதான் மிச்சம். பின்னால் ஒயர் கழன்று திரை இருள்கிறது. ரோஸ் மெத்தைகள் மறைகின்றன. "இப்ப அந்த ஒயரை மாட்டுங்க, பாக்கலாம்." இடுக்கில் நுழைந்த குமரகுருவின் கை முழங்கையோடு சிக்கிக்கொள்கிறது. கன்னம் மேசையில் அழுந்தக் கிடந்தபடியே கேட்கிறான்: "தறிக்குப் பின்னாடி எத்தனை அடி உடோணுமுங்கக்கா?"