வேதகிரி கால் கொசு

வேதகிரிக்கு இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது. பகலெல்லாம் வரப்பு வெட்டிவிட்டு, பொழுது சாய்ந்ததும் ஏரிக்கரையில் வேட்டியைத் தொடைக்கு ஏற்றிக் காலை நீட்டி உட்கார்ந்து, கடிக்க வரும் கொசுவைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சிப் பிடிக்கிற கூலி வேலை என்றால் யாருக்கு லேசு?

மறுநாள் காலை காவாந்தண்டலம் பள்ளிக்கூடத்து வாசலில் ஜீப் நின்றது. கொசுக்களைக் கணக்கெடுக்க வந்திருந்த டேனியல் சார், அவன் நீட்டிய குழாயை லென்ஸ் வைத்துப் பார்த்தார்.

"போன வாரம் நீ பிடிச்சதை மெட்ராஸ்ல காட்டிட்டேம்பா. எந்தப் புத்தகத்திலயும் இல்லாத கொசு. புது இனம்."

"நெசமாவா சார்?"

"ஆளைக் கடிக்கிற கொசுன்னு எழுதப்போறேன். யார் கால்ல கிடைச்சுதோ, அவங்க பேரையே வைக்கப்போறேன்."

வேதகிரிக்கு வயிறு குளிர்ந்தது. ரேஷன் கார்டில்கூட அவன் பேர் வேங்கடகிரி என்றுதான் இருக்கிறது. இப்போதாவது அச்சில் சரியாக வரட்டும், கொசுவுக்கு வந்தால்தான் என்ன.

"அச்சுல வந்ததும் எம் மாமனாருக்கு அந்தப் புத்தகம் ஒண்ணு அனுப்பணும் சார். என்ன மனுசனாவே மதிக்க மாட்டாரு."

சார் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "எல்லாம் வயிறு முட்டக் குடிச்சிருக்கே. கடிக்கிறதுக்கு முன்னாடியே பிடிக்கணும்னு சொன்னேனே?"

"பசியோட வந்திச்சிங்க. பாவம், குடிச்சிக்கட்டும்னு வுட்டேன்."

"இவ்வளவு குடிச்சும் உன் கால்ல ஒரு தடிப்புகூட இல்லியே."

"சேத்துல ஊறுன காலு சார். கொசு இன்னா பண்ணும்?"

சார் சிரித்துவிட்டார். பேனாவைத் திறந்து, பேரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னார். வேதகிரி 'வே' என்று வாயைத் திறக்கும்போதே, எதிர் வீட்டுச் சிட்டம்மாள் சாணிக்கூடையோடு வந்து ஜீப்பை மறித்து நின்றாள்.

"இன்னா வேதகிரி, வண்டியாண்ட ஒளிஞ்சிக்கினா வுட்டுடுவனா?"

"அப்பறம் பேசிக்கலாம்க்கா. பேர் குடுத்துக்கினு கீறேன்."

"பேர நீயே வெச்சிக்க. போன வாரத்துலேந்து எம் எருமையக் கொசுவுக்குக் கட்டிட்டு நீ பக்கத்துல படுத்துக்கினியே, அதுக்குச் சொன்ன ஒரு மரக்கா தவுடு இன்னும் பாக்கி."