வட்டமாய் வைத்த விளக்குகள்

"உந்த விளக்குகளை ஆர் வைச்சது?" பொலிஸ் பொறுப்பதிகாரி அதட்டினார். பஞ்சலிங்கம் தோளில் கிடந்த துவாயை இறக்கிக் கையில் எடுத்தார்.

இராணுவம் அண்மையில்தான் விட்டுப்போன அவருடைய காணி அது. தெல்லிப்பழையின் அந்த ஒடுங்கிய ஒழுங்கையில் பொலிஸ் ஜீப், இராணுவ ட்ரக், புலனாய்வுப் பிரிவின் சிவில் உடுப்புக்காரர் இருவரின் மோட்டார் சைக்கிள் எல்லாம் நெருக்கியடித்து நின்றன. தோட்டத்தின் நடுவில் அகல் விளக்குகள் வட்டமாய் எரிந்தன.

"மனிசிதான் வைச்சவ, ஐயா. இண்டைக்குக் கார்த்திகை விளக்கீடெல்லே. ஊர் முழுக்க வைப்பினம்."

மத்தியானமே பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வந்த கோப்பைகளை மனைவி ஞானாம்பிகை குசினியில் கழுவும் சத்தம் கேட்டது.

"ஊர் வாசலிலை வைக்கும். நீர் தோட்டத்துக்கு நடுவிலை வைச்சிருக்கிறீர். செத்த போராளியளுக்குத்தானே?" அதிகாரி வட்டத்தை நோக்கி நடந்தார்.

"ஐயா, அதுக்குள்ளை கால் வைக்காதேங்கோ. வெடிக்காத ஷெல் கிடக்கு."

வந்தவர்கள் எல்லோரும் ஒரேயடியாகப் பின்வாங்கினார்கள்.

"ஷெல் எண்டால் ஏன் அறிவிக்கேல்லை?"

அடக்கி வைத்திருந்ததெல்லாம் பஞ்சலிங்கத்தின் வாய்க்கு வந்துவிட்டது. "உங்களிட்டைத்தானே முதல் வந்தனான். முகாமுக்குப் போகச் சொன்னியள். காணியை விட்டாச்சு, பிரதேச செயலகத்திலை கேள் எண்டு முகாமிலை சொன்னவை. தேசியப் பாதுகாப்பு விசயம், எங்களாலை ஏலாது எண்டு செயலகத்திலை திரும்ப உங்களிட்டையே விட்டிட்டினம். விதை வெங்காயம் கொட்டிலுக்கை அழுகுது. பேரப்பிள்ளையளை முற்றத்திலை இறக்கப் பயமாக்கிடக்கு."

பொலிஸ் அதிகாரி இராணுவ அதிகாரியைப் பார்த்தார். அவர் சிவில் உடுப்புக்காரரைப் பார்த்தார். ஒருவர் முன்னே ஒருவர் தட்டிக்கழிக்க வழியில்லை. எல்லாருடைய கைத்தொலைபேசிகளும் வெளியே வந்தன.

இரண்டு மணித்தியாலத்துக்குள் குண்டு அகற்றும் பிரிவும் வந்து, ஷெல்லைப் பக்குவமாய்க் கிளப்பிக்கொண்டு போனது. மாதக்கணக்காய் ஒருவரோடொருவர் கதைக்காத அதிகாரிகள் வேலி ஓரம் சேர்ந்து நின்று தேத்தண்ணி குடித்தார்கள். கோப்பைகள் அத்தனை பேருக்கும் போதுமாக இருந்தன.

ஜீப்பில் ஏறும்போது பொறுப்பதிகாரி சொன்னார்: "உம்மடை காணியிலை போராளியளுக்கு விளக்கேத்த ஆக்கள் சேரப்போகினம் எண்டு டெலிபோன் கோல் வந்தது. இல்லாட்டில் நாங்கள் ஏன் வாறம்?"

வாகனங்கள் மறைந்ததும் பஞ்சலிங்கம் படலையை அடித்துச் சாத்தினார். "எங்களைக் காட்டிக்குடுத்த நாசமறுப்பு ஆரடி? ஆளைக் கண்டனெண்டால் நாக்கை அறுப்பன்."

ஞானாம்பிகை கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்:

"கனக்கத் திட்டாதேங்கோ. நான்தான் கோல் எடுத்தனான்."