ஐந்து நிமிடக் காகிதம்

முறுக்கில் சிக்கு வாடை வராமலிருக்க ஏதாவது ரசாயனம் கலந்திருந்தால், சோதனைக்கூடத்தின் காகிதத் துண்டு ஐந்து நிமிடத்துக்குள் சிவந்துவிடும். சொர்ணத்தாய் தன் குழுவிலிருந்து கொண்டுவந்த முறுக்குக்கு இரண்டாவது நிமிடத்திலேயே சிவந்தது.

“செக்கு எண்ணெயத் தவிர ஒண்ணும் தொடுறதில்ல தாயி. பதினோரு பொம்பளைக பொழைப்பு இதுல கெடக்கு.”

சோதனை பார்க்கும் நிலோபர் முறுக்கு வந்த கவரை விரித்து மோந்து பார்த்தாள். பாமாயில் கவர்.

“இது ஏதுக்கா?”

“பக்கத்து வீட்டுல வாங்குனேன். சீயக்காய் போட்டுக் கழுவித்தான் கொண்டாந்தேன்.”

“அந்த எண்ணெயிலயே சிக்கு வாடை வராத மருந்து இருக்குமேக்கா, கவர்லருந்து முறுக்குல ஒட்டியிருக்கும். வேற முறுக்கு இருக்கா?”

பஸ்ஸில் தின்ன எடுத்துவந்தது ஒன்று வாழையிலை மடிப்பில் மிச்சமிருந்தது. “பாதி கடிச்சிட்டேனே,” என்று கூச்சத்தோடு நீட்டினாள். நிலோபர் கடிபடாத ஓரத்தை ஒடித்துப் பொடித்துக் கரைத்து, புதுக் காகிதத்தில் ஒரு சொட்டு விட்டாள். இருவரும் குனிந்து நின்றார்கள். தன் மூச்சுப் பட்டுச் சிவந்துவிடுமோ என்று சொர்ணத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று நிமிடமாயிற்று, நான்காயிற்று. காகிதம் வெள்ளையாகவே கிடந்தது.

சோதனைக்கு வந்த பண்டத்தை யாரும் தின்னக்கூடாது என்று எதிர்ச்சுவரில் எழுதி, கீழே நிலோபரே கையெழுத்துப் போட்டிருந்தாள். ஐந்தாவது நிமிடம் முடியுமுன்பே அவள் கையுறையைக் கழற்றிவிட்டு, வாழையிலையிலிருந்த மிச்ச முறுக்குக்குக் கையை நீட்டினாள்.