சந்தனம் அடைத்த குழாய்

தோல் ஊறும் சுண்ணாம்புக் குழியிலிருந்து தெறித்த நீர் மேஸ்திரி செல்லையாவின் இடது கண்ணில் விழுந்துவிட்டது. கெமிஸ்ட் தவமணி அவர் பிடரியைப் பிடித்து, வானம் பார்த்த இரட்டைக் குழாயின் மேல் முகத்தைக் கவிழ்த்திருக்கிறாள். செம்பட்டு ஊரின் தோல் பதனிடும் ஷாப்பில், முதலாளியோடு மல்லுக்கட்டி கண் கழுவுவதற்கென்றே அவள் வைத்த குழாய் அது. நேற்று ஆயுத பூஜைக்கு அதன் துளைகள் அடைபடச் சந்தனம் அப்பியவர் இதே செல்லையா. இன்று காலை அவள் கொண்டை ஊசியால் அதைக் குடைந்தெடுத்தபோது, "பி.எஸ்ஸி. படிச்சா சாமியும் கிடையாதோ?" என்று இளித்தவரும் அவர்தான். இப்போது தண்ணீர் தடையில்லாமல் பொங்குகிறது; கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெயில் அதில் உடைந்து மினுங்குகிறது. "எரியுதும்மா, போதும், விடுங்க!" "போதாது. இமையைத் திறங்க. பூஜை போட்டீங்கல்ல, பலனை முழுசா வாங்கிக்கங்க." புடவை தொப்பலாக நனைந்தும் அவள் பிடி தளரவில்லை. ஒருவழியாக அவரை நிமிர்த்துகிறாள். "நல்ல கண்ணைப் பொத்துங்க. என்ன தெரியுது?" சிவந்த கண் மெல்லத் திறக்கிறது, கூசுகிறது, அவள் முகத்தில் வந்து நிற்கிறது. "உங்க கன்னத்துல சந்தனம் ஒட்டியிருக்கும்மா." தவமணி அதைத் துடைக்கவில்லை.