வரும் நேரம்

மாடித்தோட்ட இணைய மன்றத்தில் யாராவது "நாளைக்கு", "வரேன்" என்று எழுதினால் போதும். மன்றமே அதற்கொரு நாளும் மணியும் குறித்து, படிப்பவரின் ஊர்க் கணக்கில் காட்டிவிடும்.

தூத்துக்குடி லூர்து அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது கடைசியாக எழுதியது, "சரி, போயிட்டு வாரேன்." அவரை அடக்கம் செய்து ஒரு மாதமாகிறது. டொராண்டோவிலிருந்து மன்றத்தை நிர்வகிக்கும் பூங்கோதையின் திரையில், அந்த வரிக்குக் கீழே "வருகை: வெள்ளி காலை 7.30" என்று இன்னமும் நின்றது. வெள்ளி கடந்தால் அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போகும். விவஸ்தையே கிடையாது. புதியவர்களோ, அண்ணாச்சி வந்ததும் கேட்பதற்கென்று பாகற்கொடிச் சந்தேகங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள்.

'போயிட்டு வாரேன்' என்பதை 'போறேன்' என்று திருத்தினால் தேதி மறைந்துவிடும். பூங்கோதை அண்ணாச்சியின் மகள் ஜெசிந்தாவை அழைத்துச் சம்மதம் கேட்டாள்.

"ஐயோ, 'போறேன்'னா? வீட்ல யாரு அப்படிச் சொன்னாலும் அப்பா ஏசுவாங்கக்கா."

"அப்ப என்னம்மா செய்ய?"

ஜெசிந்தா தன் கைபேசியில் மன்றத்தைத் திறந்து அந்த வரியைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்ப வர்றதாக் காட்டுது?"

"வெள்ளிக்கிழமை காலையில."

"எங்களுக்குச் சாயங்காலம். இருக்கட்டும்க்கா. அந்நேரம் நான் வீட்லதான் இருப்பேன்."