அடுத்த ஊசி

சுதந்திர நாளான மெர்டேக்காவுக்குக் கட்டிய காகிதக் கொடிகள் காஜா பேராங் கிளினிக் வாசலில் வெளுத்துத் தொங்குகின்றன. உள்ளே ஸ்பிரிட் வாசனை. தனலட்சுமி கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். குழந்தையின் தலையில் உள்ள மஞ்சள் கம்பளித் தொப்பி, செத்துப்போன மூத்த மகள் கோகிலாவுடையது. முதல் ஊசிக்கு அவளுக்கு உடம்பு அனலாய்க் கொதித்தபோது, "ஆத்தா வந்திருக்கா, இனி ஊசி ஆகாது" என்று நிலைப்படியில் வேப்பிலை செருகியவன் புருஷன் கணபதி. மறுவருஷமே கக்குவான் இருமல் அவளை வாரிக்கொண்டு போனது. அதே கணபதி இப்போது பக்கத்தில் தயங்கி நிற்கும் பெண்ணுக்குப் புத்தி சொல்கிறான்.

"ஊசி போட்டா காய்ச்சல் வரத்தாம்மா செய்யும். அதுக்குப் பயந்து அடுத்த ஊசிக்கு வராம இருந்துடாதீங்க."

"நல்லா வெவரம் தெரிஞ்சு வச்சிருக்கீங்கண்ணே. இது மொதப் பிள்ளையா?"

கணபதி சுற்றும் காற்றாடியை அண்ணாந்து பார்க்கிறான். "ஆமாம்மா."

நர்ஸ் மிஸ்ஸி பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். ஊசி இறங்கியதும் குழந்தை வீறிடுகிறது. கணபதி பதறிப்போய் இரண்டு கையையும் நீட்டுகிறான். தனலட்சுமி குழந்தையைக் கொடுக்கவில்லை. தொப்பியைக் கழற்றி அவன் கையில் வைக்கிறாள்.