பெரிய வெள்ளிக்கான கறுப்பு

கறுப்பு வெல்வெட்டின் மூன்றாம் மடிப்பைப் பிரித்தபோது, உள்ளே இருந்த துணிச் சுருள்களில் ஒன்று மட்டும் கையில் கனத்தது.

வெல்வெட்டை வெறுமனே மடித்தால் தழும்பு விழுந்துவிடும். அதனால் வீட்டிலிருந்து பழைய படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, கிழித்துச் சுருட்டி, மடிப்புக்கு மடிப்பு அணை கொடுத்து வைப்பது அவள் வழக்கம். கிழிசல் துணிக்குக் கனம் ஏது?

பிரித்தாள்.

வெள்ளிப் பாத்திரம். நடமாட முடியாதவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுக்கப் போதகர் எடுத்துப்போகிற சின்னப் பாத்திரம். கைக்குள் அடங்கிவிடும்.

போன ஈஸ்டர் முடிந்த வாரத்தில் காணாமல் போனது. அதற்காகத்தான், அப்போது கோயில் பணியாளராக இருந்த அவள் கணவரிடமிருந்து சாவியைத் திரும்ப வாங்கினார்கள்.

அவளுக்கு முதலில் தோன்றியது இதுதான்: இங்கேதான் ஒளித்து வைத்திருக்கிறார்.

பாவி மனுஷன். திருடியதைக் கொண்டுபோய் விற்கக்கூடத் துணிச்சல் இல்லை.

புதிதாக வந்த பணியாளர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார்.

“அக்கா, கறுப்பு விரிச்சாச்சா? இன்னைக்கு மணி அடிக்கிற வேலையும் இல்ல, சும்மாதான் நிக்கிறேன். வந்து ஒரு கை பிடிக்கட்டுமா?”

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

பீடத் துணிகளை வேறு யாரும் தொட அவள் விட்டதில்லை. லுத்தரன் கோயிலில் பீடத்தின் நிறத்தைப் பார்த்தே இது என்ன காலம் என்று சொல்லிவிடலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்துக்கும் ஈஸ்டருக்கு முந்தின தபசுக்கும் ஊதா. ஈஸ்டருக்கு வெள்ளை, பெந்தெகொஸ்தேக்குச் சிவப்பு, பிறகு மாதக்கணக்கில் பச்சை. எல்லாமே அவள் கையால் மாறுபவை.

கணவரைக்கூட அவள் விட்டதில்லை. மெழுகு சுரண்டுகிற கை. ஒருமுறை பட்டால் போதும், வெல்வெட் பாழ். துணி மாற்றும் நாட்களில் அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நின்று பார்ப்பார். கறுப்பின் பக்கம் வந்ததே இல்லை.

அப்படியானால், இதை உள்ளே வைத்தது யார்?

பாத்திரத்தைச் சுற்றியிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தாள். அவர்கள் வீட்டு விரிப்பின் ஓரத் தையல்.

போன வருஷம், ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை. கறுப்பை எடுத்துவிட்டு வெள்ளையை விரிக்கிற அவசரம். அவர் பாத்திரத்தைத் துலக்கினார். விரல் பட்டு மங்காமல் இருக்க, அவள் கிழித்து வைத்திருந்த துண்டு ஒன்றில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, விளக்கு துடைக்க ஏணியில் ஏறினார். பூ அலங்காரத்துக்கு வந்த பெண்களோடு அவளுக்கு வாய்ச்சண்டை. வாய் அங்கே, கை இங்கே. மேசையில் கிடந்த சுருள்களைப் பார்க்காமலே எடுத்தெடுத்துச் செருகிக்கொண்டு போனாள்.

தேடியபோது துணிப்பெட்டியையும் திறந்துதான் பார்த்தார்கள். பச்சையை உதறினார்கள். சிவப்பை உதறினார்கள். ஊதாவையும் உதறினார்கள்.

கறுப்பை மட்டும் யாரும் விரிக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு நாள் விரிக்கிற துணி. சகுனம் பார்ப்பது பாவம் என்று பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்கள்தான். இருந்தாலும் உயிர்த்தெழுந்த வாரத்தில் கறுப்பை விரிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை.

அவளுக்கும்தான்.

சாவி உங்கள் இரண்டு பேர் கையில்தானே இருந்தது என்று கமிட்டியில் கேட்டார்கள். அவர் ஒருமுறை அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, பொறுப்பு என்னுடையது, அவளை விட்டுவிடுங்கள் என்று சொல்லிச் சாவியை மேசையில் வைத்தார்.

குற்றமுள்ள நெஞ்சு பார்க்கிற பார்வை என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், சாப்பிட்டார். பேச்சு மட்டும் நின்றுபோனது.

அட்வெந்து தொடங்கியபோது அவர் படுத்த படுக்கையானார். போதகர் திருவிருந்து கொடுக்க வந்தார். வெள்ளிப் பாத்திரத்துக்குப் பதிலாகக் கண்ணாடித் தம்ளர். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அப்படியே சொன்னார்.

“எனக்கு அப்புறம் பாத்துக்கலாம்யா. முதல்ல அவளுக்குப் பாவமன்னிப்பு சொல்லுங்க. மனசுக்குள்ளயே வச்சிட்டிருக்கா.”

தன் அழுக்கை என் மேல் துடைக்கிறாரே என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். அவர் கண் மூடும்வரை அந்தக் கோபம் ஆறவில்லை. மூடிய பிறகும் ஆறவில்லை. இந்தத் தபசில் வேதபாட வகுப்பில் சிலுவையில் தொங்கிய கள்ளர்களைப் பற்றிய பாடம் வந்து, நாலைந்து தலைகள் அவள் பக்கம் திரும்பியபோது, செத்தும் என்னைக் கூனிக் குறுக வைக்கிறாரே என்றுதான் நினைத்தாள்.

பாத்திரம் உள்ளங்கையில் சில்லென்று இருந்தது.

அவர் எடுக்கவில்லை. எடுக்காத மனுஷனுக்குத் தெரிந்ததெல்லாம், சாவி இன்னொருத்தி கையிலும் இருந்தது என்பதுதான்.

வெளியே செருப்புகள் கழலும் சத்தம். சபை வந்துகொண்டிருந்தது. பாத்திரத்தைக் காட்டினால் அவர் பெயர் துலங்கிவிடும். போதகர் பீடத்தின் முன் நின்று நாலு வார்த்தை சொல்வார். ஆண்டவரே திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று யாராவது கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

சபைக்குச் சொல்லிவிடலாம்.

கறுப்பைப் பீடத்தின் மேல் விரித்து, சுருக்கம் நீவி, பாத்திரத்தை அதன் நடுவில் வைத்தாள்.

பிறகு திரும்பி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்ட நிற்கிற ஒருவரிடம் சொல்வதுபோல, தணிந்த குரலில் சொன்னாள்.

“நான் எடுக்கலங்க.”